டோனர் செய்த நீராவி டிராம்

அலுவலகம் அலுவலகமாகப் போய் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பவர் அவர். நகக்கண்ணில் டோனர் என்னும் கறுப்பு மைத்தூள் ஏறிக் கிடந்ததால் எல்லோருக்கும் அவர் ‘டோனர்’. “டோனர், ரெண்டாவது மாடியில பேப்பர் சிக்கிருச்சு” என்பார்கள். அதற்குமேல் அவரிடம் யாருக்கும் பேச்சில்லை.

மனைவி பிரிந்து ஒன்பது வருடம். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. “உங்ககூட இருக்கும்போதுதான் தனியா இருக்கற மாதிரி இருக்கு” என்று ஒருநாள் சொல்லிவிட்டுத் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். அவர் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

ஓர் ஆபீஸ் குப்பைக்கூடையில் கிடந்த காலண்டரில்தான் அந்தப் படத்தைப் பார்த்தார். நீராவியில் ஓடிய பழைய டிராம் இன்ஜின். பெட்டிக்கு மேலே புகைபோக்கியை நட்டுவைத்தது போலிருந்தது. தெருவில் குதிரைகள் மிரளக் கூடாதென்று சக்கரங்களைத் தகடு போட்டு மறைத்திருந்தார்கள். ஏனோ அவருக்குப் பிடித்துப்போயிற்று. காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

பிறகு மூன்று வருடம் அதைப் பொம்மையளவில் செய்வதே வேலை. காயலான் கடை மெஷின்களின் எஃகுத் தண்டுகள் அச்சுகளாயின. ஓட்டை கீசரின் செம்புத் துண்டு கொதிகலன் ஆயிற்று. நீராவி மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வுக்குள் பேனா ஸ்பிரிங் போனது. பிஸ்கட் டப்பாவை வெட்டி உடம்பு செய்தார். சிலிண்டரை மட்டும் எதிலிருந்தும் கழற்ற முடியவில்லை. பித்தளைக் கட்டியைக் குடைந்தார். முதல் நான்கும் கோணல்.

முதல் சோதனையில் கொதிகலனின் பற்றவைப்பு விட்டுக்கொண்டு, ஆவி இடது மணிக்கட்டைப் பதம் பார்த்தது. வேலையிடத்தில் கேட்டவர்களிடம், “டீ கொட்டிருச்சு” என்றார். இரண்டாவது கேள்வி கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் அது ஓடியது. படுக்கையறையிலிருந்து கூடம்வரை தண்டவாளம். முடிவில், முட்டி நிற்க, கட்டிலில் சும்மா கிடந்த இரண்டாவது தலையணை. விரலால் லேசாகத் தள்ளினார். ஒரு இருமல் இருமிவிட்டுத் தானே கிளம்பிற்று. குனிந்தபடியே கூட நடந்தார்.

“பாத்தியா!” என்று திரும்பினார். பின்னால் யாரும் இல்லை.

போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

“யாரு போயிட்டாங்க?” என்று பதறினாள் அவள். பிரிந்த பிறகு அவர் அழைத்தது மூன்றே முறை. மூன்றும் சாவுச் செய்தி.

“யாரும் இல்ல. ஒரு இன்ஜின் செஞ்சேன். ஓடுது.”

“என்ன இன்ஜினு?”

சொன்னார். குதிரையைச் சொன்னார், கீசரைச் சொன்னார், கோணல் சிலிண்டர்களைச் சொன்னார். கை வெந்ததையும் சொன்னார்.

“இப்ப எப்படி இருக்கு கை?”

“தழும்புதான். வலி இல்ல.”

“இந்தப் பேச்செல்லாம் அப்ப எங்க வச்சிருந்தீங்க?” குரலில் கோபமில்லை.

“தெரியல” என்றார். நிஜமாகவே தெரியவில்லை.

“சரி, ஓடறத வீடியோ எடுத்து அனுப்புங்க. தங்கச்சி கூப்பிடறா, வைக்கறேன்.”

மறுபடி தண்ணீர் ஊற்றி, ஓட்டி, எடுத்து அனுப்பினார். வீடியோவில் இன்ஜின் சத்தத்தைவிட அவர் மூச்சுதான் பெரிதாகக் கேட்டது. சாயங்காலம் பதில் வந்தது: “பாத்தேன். நல்லா இருக்கு.”

அதற்கு என்ன எழுதுவதென்று நெடுநேரம் யோசித்தார். மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, இன்ஜினைத் துடைத்து, மேஜையில் தனக்கு எதிரே வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.