ஆர்ட்டு படிக்கப் போன பொண்ணு

ரோட்டர்டாமில் பல வீடுகளில் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. சாயங்காலம் தெருவில் நடந்தால் விளக்கடியில் ஒருவர் சூப் குடிப்பதும், இன்னொருவர் பூனையைத் தடவுவதும் தெரியும். நடந்துகொண்டே பார்த்தால் யாரும் கோபிப்பதில்லை. நான் வந்த புதிதில் ஒரு வீட்டின் முன் நின்றே பார்த்துவிட்டேன். உள்ளிருந்த பெரியவர் உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை ஆட்டினார். நம் ஊரில் அதற்கு 'வா' என்று அர்த்தம். போய்க் கதவைத் தட்டினேன். இங்கே அதற்கு 'போ' என்று அர்த்தமாம்.

ஆனால் பார்ப்பதுதான் எனக்கு இங்கே படிப்பு. கலை வரலாறு, முதுகலை. ஒரு வாரம் ஜப்பானியத் தங்கத்தாள் தட்டிகள், மறுவாரம் பாரசீகச் சிற்றோவியங்கள், அதற்கடுத்து மேற்கு ஆப்பிரிக்கப் பித்தளை. பாரசீக ஓவியத்தில் இரவுத் தோட்டம்கூடப் பட்டப்பகல் போலத் தெளிவாக இருக்கும், நிழலே விழாது. மூலையில் ஒரு பிறை, ஒரு மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் இரவு. பேராசிரியர் அதைக் காட்டிய அன்று என்னால் உட்கார முடியவில்லை. வகுப்பு முடிந்ததும் போக இடம் எதுவும் இல்லாமலே பாலத்தைத் தாண்டி வேகவேகமாக நடந்தேன். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது.

இந்தப் பித்து ராயபுரத்தில் பிடித்தது. பி.காம். முடித்துத் துறைமுகத்துக்கு அருகே, வந்திறங்கும் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கண்காட்சிக்கென வந்த பெட்டியைச் சோதனைக்குத் திறந்தார்கள். தெர்மாகோலுக்கு நடுவே மெக்சிகோவின் பழைய மண்சிற்பங்களின் நகல்கள். அவற்றில் ஒரு கொழுத்த நாய், வாயில் சோளக்கதிரைக் கவ்வியபடி. இறந்தவர்களோடு சேர்த்துப் புதைத்த பொம்மையாம். வெளியே டிரெய்லர்கள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நகல்தான் என்றாலும் அந்த முதுகின் வளைவிலிருந்து என் கையை எடுக்க மனம் வரவில்லை. அதற்குப் பிறகு வேலைக்காக வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோவில் போகும்போதெல்லாம் போனில் சிற்பங்களைத்தான் பார்த்தேன். உதவித்தொகை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

அம்மா கத்திவாக்கத்தில் மீன் விற்கிறாள். என்ன படிப்பு என்று அவள் கேட்டபோது 'ஆர்ட் ஹிஸ்டரி' என்று சொல்லியிருந்தேன். அதன் பின்பாதி அவள் காதில் நிற்கவில்லை என்பது, எதிர்வீட்டு ஏழுமலை மாமா அனுப்பிய வாட்ஸ்அப் வந்தபோதுதான் தெரிந்தது. நூலகத்தில் இருந்தேன். இசிஜி தாளின் புகைப்படம், கூடவே அவர் குரல்: "கண்ணு, மார்ல ஒரே வலி. ஆஸ்பத்திரியில அட்மிட் ஆவச் சொன்னாங்க. நம்ம பொண்ணு கீதே, அது பாத்துச் சொல்லட்டும்னு வூட்டுக்கு வந்துட்டேன்."

வெளியே ஓடி அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, நான் இன்னா படிக்கிறேன்னு ஊர்ல சொல்லிகினு கீற?"

"ஆர்ட்டு. இன்னாடி, ஊருக்கே தெரியுமே. நெஞ்சு டாக்டரு."

"நெஞ்சு இல்லம்மா. படம். செலை. அதப் பத்தின படிப்பு. மாமாவை இப்பவே ஆட்டோல ஏத்து."

அந்தப் பக்கம் அவள் செருப்பைத் தேடும் சத்தமும், "யோவ் ஏழுமல, எந்திரி" என்ற கத்தலும் கேட்டன. அரசு மருத்துவமனையில் அன்றே சேர்த்தார்கள். அடைப்பு இருந்ததாம். ஸ்டென்ட் வைத்தார்கள். மாமா பிழைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தெருவில் என்ன கேட்டார்களோ, அவள் சொல்லவில்லை. ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்: "படம் பாக்கவாடி அவ்ளோ தூரம் போன?"

அடுத்த நாளே அருங்காட்சியகத்திலிருந்து வீடியோவில் அழைத்தேன். மேற்கு ஆப்பிரிக்க அரசவை ஒன்றின் பித்தளைத் தகட்டின் முன் போனைப் பிடித்தேன். அதில் ஒரு ராஜா நிற்கிறார். இடுப்புக்குக் கீழே இரண்டு மீன்கள் வளைந்து தொங்குகின்றன.

"இன்னாடி இது, காலு இருக்கற எடத்துல மீனு?" அவள் குரலில் கூடம் அதிர்ந்தது.

தண்ணீரிலும் தரையிலும் பிழைக்கிற மீன் அது, ராஜாவின் அதிகாரமும் இரண்டு பக்கமும் செல்லும் என்று காட்டச் செய்திருக்கிறார்கள் என்றேன். காவலாளி விரைந்து வந்து, "ஸ்டில்" என்றார். அசையாதே என்கிறார் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டச்சில் அது 'அமைதி'. அம்மா பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தாள். காவலாளி போனைக் காட்டி உதட்டில் விரலை வைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒலியைக் குறைத்தேன்.

"யோவ் ஏழுமல, இங்க வா. மீன்காலு ராஜாவைப் பாரு," என்று அவள் கூப்பிடுவது கேட்டது. ஏழுமலை மாமாவின் இளைத்த முகம் திரைக்குள் எட்டிப் பார்த்தது. "எம் பொண்ணு படிக்கறது இதான்," என்றாள் அவரிடம்.

"யார் வூட்டுதுடி இது?"

"ஆப்பிரிக்காவோடதும்மா. வெள்ளக்காரங்க சண்ட போட்டு எடுத்துனு வந்துட்டாங்க."

"எப்போ திரும்பிப் போவும்?"

"பேசிகினு கீறாங்க."

"சரி. நீ எப்போ வருவ?"

போன் கேமராவை என் பக்கம் திருப்பி, படிப்பு முடிந்ததும் என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த பருவத்தின் பாடங்கள், இன்னும் பார்க்காத கூடங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அம்மா காத்திருந்தாள். அங்கே அந்தி மங்கி இருட்டிவிட்டிருந்தது. தெருவிளக்கின் வெளிச்சத்தில் அவள் முகம் பாதி தெரிந்தது. திரை முழுக்கக் கத்திவாக்கத்தின் இருட்டு. அதன் மூலையில், கட்டைவிரல் அகலமுள்ள ஒரு சின்னக் கட்டத்துக்குள், பகல் வெளிச்சத்தில் நான்.