வெள்ளிக்கிழமை வாசகர்கள்

வாடகை நூலகம் நடத்துவது என்றால், அடுத்தவர் வாழ்க்கையைப் பதினைந்து நாளைக்கு வாடகைக்கு விடுவது. கள்ளிக்குப்பத்தில் என் கடைக்கு வருகிறவர்கள் நாவல் பக்கம் திரும்புவதே இல்லை, நேரே சுயசரிதை அலமாரிதான். பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தால் திட்டு விழும், இதில் விழாது. என்னைப் போலப் புத்தகத்தோடு மாரடிக்கிறவர்களுக்கு மீதி தெரிந்திருக்கும்.

கஷ்டம் மட்டும்

வெள்ளானூர் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஐ.டி. பையன், ஒரு தொழிலதிபரின் சுயசரிதையை மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்தான். பிடிக்கவில்லையா என்றேன்.

"பஸ்ஸுக்குக் காசில்லாம நடந்தது வரைக்கும் சூப்பர் சார். கார் வாங்கினதும் போரடிச்சிருச்சு. கடைசி வரைக்கும் உருப்படாத ஆள் யாராவது எழுதியிருக்காங்களா?"

சமைத்தது யார்

கோவில்பதாகையில் தையல் கடை வைத்திருக்கும் மல்லிகா அக்கா, பெரிய மனிதர்கள் எழுதியதை மட்டும்தான் படிப்பார். படித்துவிட்டு என்னைத்தான் பிடிப்பார், நான் எழுதின மாதிரி.

"நூறாம் பக்கத்துல கல்யாணம், முந்நூறாம் பக்கத்துல பொண்டாட்டி செத்துட்டா. நடுவுல இவருக்குச் சோறு ஆக்கிப் போட்டது யாரு தம்பி?"

தேதிச் சீட்டு

தணிகாசலம் அண்ணன் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் தன் கதையை எழுதி, அச்சடித்து, எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். சனிக்கிழமை தவறாமல் வந்து கடைசிப் பக்கத்தைத் திறப்பார். யாராவது எடுத்துப்போனால் நான் தேதி குத்தும் சீட்டு அங்கேதான் ஒட்டியிருக்கும். ஆறு வாரமாக வெள்ளைத் தாள். மூடி வைத்துவிட்டுப் போவார்.

அவர் ஒரு மாதம் மகள் வீட்டுக்குப் போனார். விடுமுறை நாளில் கடையைப் பெருக்க வரும்போதெல்லாம் அந்தச் சீட்டில் அன்றைய தேதியைக் குத்தினேன். திரும்பி வந்தவர் சீட்டைப் பார்த்தார், என் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

"நாலு பேரும் வெள்ளிக்கிழமையே எடுத்துகினு போய்கிறாங்க. வெள்ளிக்கிழமை உன் கடை லீவாச்சே நைனா."

ஐந்தாவது தேதி

மானம் போய்விட்டது. அந்தப் புத்தகத்தை மல்லிகா அக்காவின் தலையில் கட்டினேன், ஒரு செவ்வாய்க்கிழமை, நிஜமாகவே தேதி குத்தி. வியாழக்கிழமையே கொண்டுவந்து வைத்தார்.

"பக்கத்துக்குப் பக்கம் பொண்டாட்டி பேரு தம்பி. ஷிப்ட் முடிஞ்சு வந்து இவரே மீன் குழம்பு வெச்சிருக்காரு. ரெண்டு தடவை படிச்சேன்."

சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன். தணிகாசலம் அண்ணன் உள்ளே வந்ததும் சீட்டைக் காட்டி, ஒருவர் இரண்டு தடவை படித்ததையும் மீன் குழம்பையும் சொன்னேன். அவர் ஐந்தாவது தேதியை விரலால் தடவினார். பிறகு என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

"செவ்வாய்க்கிழமைக்கு மாறிட்டியா நைனா? எனக்கோசரம் நீயே உக்காந்து படிச்சிகிறே பாரு, அதுவே போதும்."

நாலு பொய்த் தேதி குத்தின கை ஒரு மெய்த் தேதி குத்தினால் அதுவும் ஐந்தாவது பொய்தான் என்று என் சுயசரிதையில் எழுதிவிடலாம், அதையும் யார் நம்பப்போகிறார்கள்.