பலாமரத்து முனி

அந்தக் கல்லை வைத்தவன் நான்தான். என் கொல்லைப் பலாமரத்தடியில் தலைமுறை தலைமுறையாக இருப்பதாகச் சொல்லப்படும் முனீஸ்வரர், என் பேத்தியைவிடக் கொஞ்சம்தான் மூப்பு!

சிரிக்காதீர்கள். சிரித்துவிட்டுப் போகிற பாவமென்றால் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருப்பேனா?

சுங்கை ரம்பாய் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைகளுக்கு நடுவே எங்கள் குடியிருப்பு. தோட்டத்து வேலை போன பின்பும் வீடுகளை விடாமல் தங்கிவிட்ட குடும்பங்கள். எல்லா வீட்டுக் கழிவும் பழைய தொட்டிகளில் நிரம்பி, கால்வாயில் வழிந்து, ஆற்றில் போய்ச் சேர்ந்தது. மனு மேல் மனு போட்டோம். ஒருவழியாக, எல்லோருக்கும் பொதுவாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்ட அனுமதி வந்தது.

அளக்க வந்த இளம் மலாய்ப் பொறியியலாளர், நிலம் சரிந்து முடியும் இடத்தைக் காட்டினார். அங்கே கட்டினால் கழிவுநீர் தானாக இறங்கி வந்துவிடுமாம், பம்ப் வேண்டாமாம். அந்த இடம்... என் கொல்லைக்குப் பின்னால்!

ஆயர் குரோவிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வரவிருந்தார்கள். வசதியான குடும்பம். பின்வாசலில் மலத்தொட்டியை வைத்துக்கொண்டு அவர்களை எப்படி உட்கார வைப்பேன்? வறட்டுக் கௌரவம்! மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவனே நான்தான்.

ஆள் நடமாட்டமில்லாத ஒரு மழை மாலையில், ஆற்றங்கரையிலிருந்து பாசி படிந்த கல்லொன்றைக் கொண்டுவந்து நட்டேன். மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி, ஒரு சூலம். பலாமரத்தடியில் முனி எங்காவது உண்டா? எங்கள் ஆள் ஒருவரும் கேட்கவில்லை.

பொறியியலாளர்தான் கேட்டார், போன முறை வந்தபோது இது இல்லையே என்று. நான் வாய் திறக்குமுன், பக்கத்தில் நின்ற சரசு அக்கா முந்திக்கொண்டார். மேல்வரிசை வீட்டுக்காரர், யார் வீட்டில் என்ன காரியமென்றாலும் முதலில் வந்து நிற்பவர்.

"எப்பவும் இருக்கு லா! என் மாமியாரே இங்க வெளக்கு வெச்சிருக்காங்க. சாமி விசயத்துல யாரு சார் பொய் சொல்வா?" தமிழும் மலாயுமாகப் பொரிந்து தள்ளினார்.

அவர் பொய் சொல்லவில்லை. எப்போதோ எங்கோ பார்த்த விளக்கு, என் கல்லைக் கண்டதும் அவர் நினைவில் இடம் மாறியிருக்கிறது.

பொறியியலாளர் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு பின்வாங்கி நின்றார். "தாக் அப்பா, பாக்சிக்" என்றார், பரவாயில்லை பெரியவரே என்று. அந்த மரியாதை என்னைச் சுட்டது... ஆனாலும் வாய் திறந்தேனா?

வேறு இடம் பார்த்தார்கள். எது தெரியுமா உங்களுக்கு? சரசு அக்காவின் சமையற்கட்டுக்குப் பின்னால்! நிலையம் சரிவின் நடுவிலேயே அமைந்ததால், ஆழமாகக் குழி வெட்டி, கீழ்வீடுகளின் கழிவுநீரைப் பம்ப் வைத்து மேலே ஏற்ற வேண்டியதாயிற்று. பம்பில் ஒரு கந்தல் சிக்கினால் போதும், குழி நிரம்பி அவர் பின்வாசலில் வழியும். பழுது பார்க்க ஆள் வரும்வரை அந்தக் கதவு திறப்பதில்லை.

என் மகள் திருமணம் நடந்தது. நன்றாக இருக்கிறாள். ஆறுகூடத் தெளிந்துவிட்டது. அதைச் சொல்லி மனத்தைத் தேற்றப் பார்த்தேன்... தேறவில்லை.

கல்லுக்குத் தகரக் கூரை வந்தது. உண்டியல் வந்தது. பூசாரி? வேறு யார், நான்தான்!

சென்ற வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றே இருந்தேன். அக்கா எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வந்தார். அவர் சேலையில் அந்த வாடை இருந்தது.

"பம்ப் மறுபடியும் ரோசாக் தம்பி. ஓடவே மாட்டேங்குது. முனிகிட்ட ஒரு வார்த்த சொல்லு லா."

"அக்கா..." என்றேன்.

அவர் கல்லைப் பார்த்துக் கைகூப்பினார். "எங்க வீடு நாறினா நாறட்டும் தம்பி. அன்னிக்கு இவர விட்டுக்கொடுத்திருந்தா, நம்மள மன்னிச்சிருப்பாரா?"

சொல்லிவிட்டு நெற்றியைக் காட்டி நின்றார்.

நான் திருநீறு பூசிவிட்டேன். "மாட்டாருக்கா" என்றேன்.