ஈப்போவிலிருந்து ஒன்றரை மணி நேரம்

என் கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். நானும் மகளும் மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் இருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் அழைத்தார்.

"அக்கா, அண்ணன் சாரத்துலேருந்து விழுந்துட்டாரு. தலையில அடி. ஆப்பரேஷன் செய்யணுமாம். ஒடனே வாங்க லா."

மகள்தான் கைப்பேசியில் தேடினாள்.

"பஸ்ல ஒம்பது மணி நேரம்மா. ப்ளேன்ல ஒன்றரை மணி நேரந்தான். மத்தியானம் ஒன்னு இருக்கு. ஆனா ஒரே ஒரு எடம்."

அவரைப் பார்க்க எப்போதும் பஸ்ஸில்தான் போவேன். விமானத்தில் ஏறியதே இல்லை. அன்று தனியாக ஏறினேன்.

கதவைச் சாத்தியதும் கைப்பேசியை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தால் அவர் உயிரும் அணைந்துவிடும் என்று தோன்றியது. கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன்.

"அணைச்சிருங்கம்மா. எறங்குனதும் மொத வேலையா போடலாம்."

அணைத்தேன். அதன்பிறகு பெரியவரின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கடந்தது. திடீரென்று ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையானது. விமானம் தூக்கிப் போட்டது. ஆங்கிலத்தில் ஏதோ அறிவித்தார்கள். பெரியவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

"கீழ பெரிய மழையாம். இப்ப எறங்க முடியாதாம். சுத்திக்கிட்டு இருப்பாங்க."

"எவ்வளவு நேரம்ணே?"

"தெரியலம்மா."

கீழே ஏதோ ஒரு கட்டிலில் அவர் கிடக்கிறார். நான் அவர் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். விமானம் மறுபடி குலுங்கியபோது மகள் நினைவு வந்தது. இருவருமே போய்விட்டால் அவளுக்கு யார்? அந்தப் பெரியவரின் சட்டைக் கையைப் பற்றியிருக்கிறேன், அதுகூடத் தெரியவில்லை. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து விமானம் தரையிறங்கியது. கைப்பேசியைப் போட்டேன். கணவரின் அறைத்தோழரிடமிருந்து ஏழு அழைப்புகள் தவறியிருந்தன. என்னால் அழைக்க முடியவில்லை.

"நீங்க பேசுங்கண்ணே" என்று பெரியவரிடம் நீட்டினேன்.

அவர் பேசினார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆப்பரேஷன் முடிஞ்சிருச்சு. இன்னும் கண்ணு தொறக்கல. ஆனா உசுரு இருக்கும்மா."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவரே டாக்சி பிடித்து என்னை மருத்துவமனைவரை கொண்டுபோய் விட்டார்.

மூன்றாம் நாள் என் கணவர் கண் திறந்தார். இப்போது வீட்டோடு இருக்கிறார். வலது காது கேட்பதில்லை. பகலில் அவர் அயர்ந்து தூங்கினால் இன்றும் எனக்குப் பயம் வருகிறது. பக்கத்தில் போய், மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.