புரொபெசர் தேவராஜாவின் மொழிபெயர்ப்பு

சிட்னியின் டூங்கபியில் தேவராஜாவை யாரும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புரொபெசர் தேவராஜா. ஜேர்மனியில் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர் என்பது அவரே சொல்லி வைத்த கதை. பிறகு ஏன் இங்கே மருந்துக் கிடங்கில் இருபது வருடம் பெட்டி அடுக்கினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கத்தைய பட்டம் இங்கே செல்லாது என்றால் நம்மவர்கள் உடனே நம்பிவிடுவார்கள். பாதிப் பேருக்கு அதுதானே நடந்தது. பக்கத்து வீட்டுக்காரனான நானும் நம்பினேன். உண்மையைப் போன வாரம்தான் என்னிடம் சொன்னார்.

அவர் கண்ட ஜேர்மனி வடமேற்கில் ஒரு நாட்டுப்புற மாவட்டம் மட்டும். அகதி விண்ணப்பம் முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். பக்கத்து மாவட்டத்தில் பல் பிடுங்குவதென்றாலும் அனுமதிக் கடிதம் வேண்டும். எட்டு வருடம் இப்படி. பெர்லினைத் தபால் அட்டையில்தான் பார்த்தாராம். ஆனால் அந்த மாவட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மேடு பள்ளமில்லாத தரை, எரிக்கக் கரிமண் வெட்டிய சதுப்பு, நேரான வாய்க்கால்கள், பன்றித் தீவனத்துக்கென்றே சோளம். மனிதரைவிடப் பன்றிகள் அதிகம். ஊரின் பிழைப்பே அவைதான். வேலை அனுமதி கிடைத்ததும் தேவராஜா அங்கே வில்மா என்பவரின் பண்ணையில் பன்றிக்கொட்டில் கழுவினார். முட்டைகூட வாங்காத வீட்டுப் பிள்ளை.

அந்த வில்மா, எண்பதை நெருங்கிய விதவை, போன மாதம் சிட்னியில் வேலை பார்க்கும் மகனிடம் வந்தார். தேவராஜாவைப் பார்க்க ஆசைப்பட்டார். அவர் வரக்கூடிய ஒரு ஞாயிறு, தேவராஜாவின் மகள் மயூராவைத் தங்கள் மகனுக்குப் பேச பாலாவும் மனைவி சுஜீவாவும் வருவதாக இருந்தது. அவர்கள் என்றைக்கும் சைவமான குடும்பம். ஜேர்மன் விருந்தாளி இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று இந்த மனுசனே இரண்டையும் ஒரே நேரத்துக்கு வைத்தார். வில்மாவுக்கு ஆங்கிலம் நாலு சொல்தான், மொழிபெயர்க்கப்போவது தான்தானே என்ற துணிவு. புத்தி எங்கே போயிற்றோ. அயலவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்.

குட்டி போட முடியாமல் தவித்த பன்றியை இவர் காப்பாற்றிய கதையை வில்மா முதலில் ஜேர்மனில் சொன்னார்; அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

"என்ன சொல்லுறா?" என்றார் பாலா.

"பெடியள் என்ர வகுப்பெண்டா ஒருநாளும் தவறவிடாதுகளாம்."

அடுத்து வில்மாவின் குரல் இறங்கியது. அவர்கள் ஊரில் செத்தவரின் பெட்டியை அயலவர்கள்தான் தூக்குவார்கள். அவருடைய கணவர் இறந்தபோது அயலவர்கள் கூடி, ஆறாவது ஆளாகத் தேவராஜாவின் பெயரைச் சொன்னார்கள். முகாமில் இருந்த அகதியை. இனி நீயும் எங்கள் அயல் என்றார்கள். தேவராஜாவின் ஆயுளில் அதைவிடப் பெரிய மரியாதை வேறு கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

"இப்ப என்னவாம்?"

"ஒருநாள் நான் வேற வகுப்புக்குள்ள போய் அரை மணித்தியாலம் படிப்பிச்சுப்போட்டன். மறதிக்காரப் புரொபெசர் எண்டு எல்லாரும் பகிடி பண்ணினவங்களாம்."

பாலா சிரித்தார். சுஜீவா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வடையைக் கடித்தபடி நானும் சிரித்தேன். நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

வில்மா பேச்சை நிறுத்தினார். சவப்பெட்டிக் கதைக்கு யாராவது சிரிப்பார்களா? எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் தேவராஜாவைப் பார்த்தார்; அவர் தலையைக் குனிந்துகொண்டார். புரொபெசர் என்ற சொல் ஜேர்மன் மொழியிலும் அதேதான்; அது வில்மாவின் காதிலும் விழுந்திருந்தது. பெட்டி தூக்கிய அன்று எடுத்த படத்தைக் காட்டக் கைப்பையிலிருந்து பாதி எடுத்திருந்தவர், மெல்ல உள்ளே வைத்து ஸிப்பை இழுத்து மூடினார். பிறகு பாலாவின் பக்கம் திரும்பினார்.

"யெஸ்," என்றார். "வெரி குட் புரொபெசர்."

கலியாணம் பொருந்திவிட்டது. தேவராஜா நாலு நாள் வெளியே தலைகாட்டவில்லை. ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"ஆறு வருசம் அவவின்ர வீட்டில சாப்பிட்டனான்," என்றார். "அவ ஒருத்தருக்கும் பொய் சொல்லி நான் கண்டதில்லை. இந்த வயசில, என்னாலதான் பொய் சொன்னவ."