படிக்கட்டுக்கு வந்த விளக்கு

பிள்ளைகளே, மஹய்யாவ குடியிருப்பில் ஒரு படிக்கட்டுப் பக்கம் நிற்கிறேன். பொழுது இருட்டுகிறது. இந்தப் பகுதிக்கு ஒரே ஒரு தெருவிளக்குதான் வந்திருக்கிறது. பையன்களோ அதைக் கேரம் விளையாடும் இடத்தில் போடச் சொல்கிறார்கள். மாநகர சபை உறுப்பினர் சாந்தி அக்கா விடவில்லை.

“நீங்க வெளிச்சத்துல விளையாடணும், வேலை முடிஞ்சு வர்ற பொம்பளைங்க இருட்டுல படியில உருளணுமா?”

“நாங்களும்தான் ஓட்டுப் போட்டோம்க்கா!” என்கிறான் ஒருவன்.

“உங்கம்மாவும்தான் போட்டாங்க. இந்தா வர்றாங்க, கேளு.”

அவன் அம்மா சுவரைத் தடவித் தடவிப் படியேறி வருகிறார். அவன் போய், படிக்கட்டுக் கம்பத்தில் சாத்திய ஏணியைப் பிடிக்கிறான். மின் ஊழியர் ஏறி மாட்ட, விளக்கு எரிகிறது. எனக்கே பெருமையாக இருக்கிறது.

“அடுத்தது கைப்பிடிக் கம்பி, சாந்தி. சபையில பேசு,” என்கிறார் அம்மா.

“பேசுறேன். நீங்களும் கூட வாங்க.”

“வராம? எல்லாருமே வர்றோம்!”