அத்தை பார்க்காத பூ

தேவராஜா மார்க்கெட்டில் வெள்ளை அரளியும் செவ்வரளியும் பக்கத்துப் பக்கத்துக் கூடைகளில் குவிந்திருப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் திரும்பிவிடுவேன். வேறு சந்து வழியாகச் சுற்றிப் போய் மல்லிகை மட்டும் வாங்கி வருவேன். மனைவி சிரிப்பாள். அப்பாவின் ஆபரேஷனுக்கு முன்பு அந்த இரண்டு பூக்களையும் மடிக்க உட்கார்ந்தவன் நான் என்பது அவளுக்குத் தெரியும். எப்படி மடித்தேன் என்பது தெரியாது.

எங்கள் பூர்வீகம் ஹனூர் பக்கம். எந்தப் பெரிய காரியத்தையும் அந்த ஊர் அம்மனிடம் பூக் கேட்காமல் எங்கள் வீட்டில் செய்வதில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. வீட்டு ஆள் ஒருவர் கோயிலுக்கு வெளியே தனியாக உட்கார்ந்து மடித்துக் கொடுக்க, பூசாரி அதை அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு ஒன்றை மட்டும் எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது, கிணற்றில் போட்டுவிட வேண்டும். அப்பாவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னபோது, பூக் கேட்காமல் சம்மதிக்க மாட்டேன் என்றாள் அம்மா. அவள் சம்மதிக்காத எதையும் அப்பா செய்ததில்லை.

அதே வாரம் அத்தை மூன்று நாள் உபவாசம் இருந்தாள். அப்பாவின் தங்கை. மாமா இறந்த பிறகு ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்து, ஞானஸ்நானம் எடுத்து, அதன்பின் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காதவள். வேலை பார்த்தது என்னவோ ஊதுபத்தி கம்பெனியில். நாள் முழுக்க மற்றவர்களின் சாமிகளுக்குப் பத்தி அடுக்கிவிட்டு, மாலையில் மண்டி மொஹல்லா பகுதியில் இருந்த தன் ஒற்றை அறையில் முழங்காலில் நிற்பாள். பொய் என்பது அவள் வாயில் வராது. கல்யாண வீட்டில் சாம்பார் உப்பு என்றால் பெண்ணைப் பெற்றவரிடமே போய்ச் சொல்லிவிடுவாள். உபவாசம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்து, “கத்தி வைக்க வேண்டாம்னு ஆண்டவர் சொல்லிட்டாருங்க அண்ணி. அண்ணனை அவரே சொஸ்தமாக்குவாரு,” என்றாள்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அத்தையிடம் கேட்டேன். “உடம்பு சிலுத்துப் போச்சு கண்ணு. நெஞ்சுல இருந்த பாரம் அப்படியே எறங்கிருச்சு.” மறுநாள் கோயிலில் பூசாரி பிரித்த பொட்டலத்தில் வெள்ளை அரளி இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவிடமும் அதையே கேட்டேன். “பூவைப் பார்த்ததும் உடம்பெல்லாம் சிலுத்துதுடா. பாரம் எறங்கிருச்சு,” என்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. இருவரில் ஒருத்தி சொல்வது தவறென்றால், தவறானவளுக்கும் அதே சிலிர்ப்புதான் வந்திருக்கிறது. பிறகு அந்தச் சிலிர்ப்பை எதற்கென்று நம்புவது? இதெல்லாம் அவர்களை அசைக்கவே இல்லை. அவள் அண்ணன் பாசத்தில் தன் குரலையே கேட்டிருக்கிறாள் என்றாள் அம்மா. அண்ணி தங்கமானவங்க, கண்ணு மட்டும் இன்னும் திறக்கல என்றாள் அத்தை. மற்றவள் ஏமாந்திருக்கலாம் என்பது இருவருக்குமே சுலபமாகப் புரிந்தது.

ஆனால் அம்மாவுக்கு வந்த அந்தச் சிலிர்ப்புக்குக் காரணம் யார் என்று எனக்குத் தெரியும். கோயில் கிணற்றடியில் உட்கார்ந்து இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்து மடித்தவன் நான். செவ்வரளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெரிய பகுத்தறிவு என்று நினைப்பு. டாக்டர்கூட உறுதி சொல்லவில்லை, செய்தால் நல்லது என்றுதான் சொன்னார். உறுதியாக இருந்தவன் நான்தான். எதை வைத்து என்று இன்றைக்குக் கேட்டால் என்னிடம் ஒரு சிலிர்ப்புகூடக் கிடையாது.

ஆபரேஷன் அன்று காலையிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா உதடு அசையாமல் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரே டப்பாவிலிருந்து தயிர்சாதமும் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் அப்பா கண் திறக்காமலே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அத்தையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையால் அடி வாங்கினால் தேவலை என்று இருந்தது. என் பேச்சைக் கேட்டீர்களா என்று கேட்க அவளைவிட உரிமை உள்ளவர் யார்? அவள், “அண்ணிகிட்ட சொல்லிராதே,” என்றாள். “அத்தை, நீங்களே அது வெறும் கல்லுன்னு சொல்வீங்களே.” “கல்லுதான். ஆனா அது குடுத்த பூன்னு நெனச்சுத்தான் அவங்க சம்மதிச்சாங்க. அதையும் புடுங்கிட்டா, புருசனை நாமதான் கொன்னுட்டோம்னு உட்கார்ந்திருவாங்க. வேண்டாம் கண்ணு.” எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் ஆண்டவர் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். அதை அவளே முந்திக்கொண்டு சொன்னாள்: “அவர் சொன்னது சரிதான். நாமதான் கேக்கல.”

வருஷ திதியன்று வீடு நிறைய உறவினர்கள். சாப்பிட்டு எழுந்த பெரியப்பா அம்மாவைப் பார்த்து, “அந்த வயசுல நெஞ்சைப் பொளக்க நீ எதுக்கும்மா ஒத்துக்கிட்டே?” என்று கேட்டுவிட்டார். அம்மாவின் முகம் வெளுத்தது. வாசல் பக்கம் நின்றிருந்த அத்தை உள்ளே வந்தாள். படையல் சோற்றைத் தொடாதவள், அன்றைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றிருந்தாள். “அம்மன் பூக் குடுத்துச்சுங்க. வெள்ளைப் பூ. நான் பக்கத்துலயே நின்னு கண்ணால பார்த்தேன்,” என்றாள். பெரியப்பா கை கழுவப் போனார்.

அம்மா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். கோயிலுக்கு அன்று அம்மாவும் நானும் மட்டுமே போனோம் என்பது அவளுக்குத் தெரியாதா? சாம்பாரில் உப்புக்குக்கூடப் பொய் சொல்லாதவள் எதற்காக இதைச் சொல்கிறாள் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இலைகளை எடுக்கக் குனிந்துகொண்டேன்.

அத்தை இப்போது இல்லை. அம்மா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. என் தங்கையின் கல்யாணத்துக்கும், போன மாதம் தன் கண் ஆபரேஷனுக்கும் அதே கோயிலில் அதே நம்பிக்கையோடு பூக் கேட்டாள். நான்தான் கூட்டிப்போனேன். கிணற்றடியில் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சரியாகத் தெரியாத கண்ணோடு, பொட்டலங்களை அவளே மடித்தாள்.